இரண்டாவது ஆள்

“இவரும் சரிவராது சேர்,” என்று நுஸ்ரத் பைலை மூடி வைத்தாள்.

மனேஜர் கனகசுந்தரத்துக்கு எரிச்சல் வந்தது. சீனக்குடாவில் இருக்கும் அந்தச் சரக்குக் கம்பனியின் கொம்பியூட்டர்களையும் நெட்வேர்க்கையும் எட்டு வருடமாக அவள் ஒருத்திதான் பார்க்கிறாள். உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அவள் கேட்டுக் கேட்டு, இப்போதுதான் கொழும்பு அலுவலகம் சம்மதித்திருக்கிறது. நேர்முகத்துக்கு வந்தவர்களை அவளே தட்டிக்கழிக்கிறாள்.

“றிகாஸுக்கு என்ன குறை? அகீலும் கெட்டிக்காரப் பொடியன்தானே?”

“ரெண்டு பேரும் எல்லாத்தையும் தனியப் பார்க்க ஏலும் எண்டு சொல்லிட்டாங்கள் சேர்.”

“நல்லதுதானே? உதவிக்கு வாற ஆளிட்ட அதை ஏன் கேக்கிறீங்கள்?”

அவள் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. லொறி நிறுக்கும் இடத்தில் நெட்வேர்க் விழுந்துவிட்டது. லொறிகள் கேற் வரை நிற்கின்றனவாம். எந்த வயரைக் கழற்றிப் பூட்டுவது என்று இருந்தபடியே சொல்லிக்கொடுத்துவிட்டுக் கண்களைத் தேய்த்தாள். போன பெருநாளன்றும் கிண்ணியாவில் உம்மா வீட்டில் எல்லாரும் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் கை வைத்தவள், இப்படி ஓர் அழைப்புக்கு எழும்பி ஓடி வந்தாள்.

தான் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று காட்டப் பார்க்கிறாள் என மனேஜர் நினைத்துக்கொண்டார்.

கடைசியாக வந்தவள் பரீனா. அவளிடமும் நுஸ்ரத் அதையே கேட்டாள்.

“இவ்வளவையும் தனியப் பார்க்க ஏலுமா தங்கச்சி?”

பரீனா கொஞ்சம் யோசித்தாள். “ஏலாது மேடம். சேவரைப் பார்க்கிற ஆளே கொம்பியூட்டர் திருத்த மேசை மேசையா ஓடினா ரெண்டும் பிழைச்சுப்போகும். எனக்குக் காய்ச்சல் வந்தா ஆர் பார்க்கிறது? குறைஞ்சது ரெண்டு பேர் வேணும்.”

நுஸ்ரத்தின் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பரீனா வெளியே போனதும், “இவதான் சேர்” என்றாள்.

“ஏலாது எண்டு சொல்ற ஆளையோ? உங்கட இடத்துக்கு ஆரும் வந்திடுவினம் எண்டு பயப்படுறீங்கள், என்ன?”

“அவ உள்ளதைச் சொன்னா. கொழும்புக்கும் அதையே எழுதுங்கோ சேர். இந்த வேலைக்கு எப்பவும் ரெண்டு பேர் கட்டாயம் எண்டு.”

கனகசுந்தரத்துக்கு மேலும் வாதாடத் தெம்பில்லை. அவள் சொன்னபடியே மின்னஞ்சல் எழுதி அனுப்பினார். பத்து நிமிடத்தில் ‘சரி’ என்று பதில் வந்தது.

“இனியாவது சந்தோசமா? நீங்களும் அவவும். ரெண்டு பேர்.”

நுஸ்ரத் எழும்பிக் கதிரையை உள்ளே தள்ளினாள்.

“மற்ற ஆளையும் தேடுங்கோ சேர், நான் வேலையை விட்டுப் போறன்.”