டீகூடக் குடிக்காதவர்

"சுத்தமா இல்லம்மா. விந்துல உயிரணு ஒண்ணுகூட இல்ல," என்றார் டாக்டரம்மா.

தையல்காரி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தான். மூன்று மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு டெஸ்டுக்குக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதன்படி இன்று காலை வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

"கேட்டுக்குங்க. குடிக்காதீங்கன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேனே, காதுல ஏறுச்சா? வண்டி துடைக்கப் போறேன்னு ஷெட்டுக்குப் பின்னாடி ஊத்திக்கிட்டு, ஏலக்காய மென்னுட்டு வந்து நின்னா எனக்குத் தெரியாதா?"

"மூணு மாசமா தொடலடி."

"நேத்து உங்க தலகாணியே தள்ளாடுச்சு."

அவன் தரையைப் பார்த்தான். அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க மாப்பிள்ளையப் பாருங்க. ஜிம் மாஸ்டர். பீடி இல்ல, பீர் இல்ல, டீகூடக் குடிக்க மாட்டார். கை ஒவ்வொண்ணும் பூசணிக்கா மாதிரி இருக்கு. அவருக்கே குழந்த இல்லன்னா அது உங்க தங்கச்சி தலையெழுத்து. உங்களுக்கு என்ன கேடு?"

அந்தத் தங்கச்சி வெளியே பெஞ்சில்தான் இருந்தாள். அவளுக்கும் இங்கேதான் வைத்தியம். நாலு வருஷமாக ஊசி மேல் ஊசி. 'எம்புள்ளைக்கு டெஸ்டா?' என்று அவள் மாமியார் சிரித்த சிரிப்பில், அந்தப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கொஞ்சம் பேச விடும்மா. குடி எண்ணிக்கையக் குறைக்கும், ஆசையக் குறைக்கும், நேரத்துக்குக் கால வாரும். ஆனா சாதாரணமா இப்படித் தொடச்சு விட்ட மாதிரி ஆக்காது." அவன் பக்கம் திரும்பினார். "கஞ்சா?"

"ஐயோ, இல்ல."

"உடம்பு ஏத்துறதுக்கு ஊசி?"

"என்ன ஊசி?"

"சில ஜிம்ல போட்டுக்கறாங்கப்பா. ஆண் ஹார்மோன் ஊசி. அது வெளியில இருந்து வந்துக்கிட்டே இருந்தா, நமக்கு இங்க வேலை இல்லன்னு உடம்பு கடையச் சாத்திடும். ஆள் பாக்க மல மாதிரி இருப்பான், உள்ள ஒண்ணும் இருக்காது. நிறுத்தினா பெரும்பாலும் திரும்பி வரும். உண்மையச் சொல்லு, போட்டுக்கறியா?"

தையல்காரி அவனுடைய தொந்தியைப் பார்த்தாள். அது சட்டையின் கடைசிப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

"இவரா? மாடிப்படி ஏறவே என் தோளப் புடிப்பார் டாக்டர். ஜிம் இருக்கற தெருப்பக்கம்கூட..."

பாதியில் நிறுத்தினாள். புருஷனின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"வாயத் தொறங்களேன். எதுக்கு இப்படி முழிக்கறீங்க?"

கதவுக்கு வெளியே, ஊசி போட அவன் தங்கச்சியை நர்ஸ் கூப்பிடும் குரல் கேட்டது. நாற்காலி சாய அவன் எழுந்தான்.

"டாக்டர், தங்கச்சிக்குப் போடற ஊசிய முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. என் குடி தெரிஞ்சிடும்னு பயந்து, அந்த டப்பாவ மாப்பிள்ளகிட்ட வாங்கிட்டு வந்து குடுத்தேன்."