மூச்சு விடாதீங்க

"அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்கம்மா. பித்தக் குழாயில கல்லுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் நோயாளியின் மனைவி.

ஸ்கேன் டெக்னீஷியனுக்குச் சுருக்கென்றது. கட்டின புருஷனிடமே பொய்யா?

"உடம்பு அவரோடது. புற்றுநோய்னு அவருக்குத் தெரிய வேண்டாமா? எனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

"நீங்க சொல்ல வேண்டாம். நான் சொன்னதைக் கெடுக்காம இருந்தா போதும்."

லேசுப்பட்ட ஆள் இல்லை இந்தம்மா என்று நினைத்துக்கொண்டு டெக்னீஷியன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் பெரியவரின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

மைக்கை அழுத்தினாள். "ஐயா, மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க. இருபதே செகண்ட்."

எட்டாவது செகண்டில் திரையில் மூச்சுக் கோடு குலுங்கியது. படம் கலங்கிப் போனது.

இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவையும்.

"என்னம்மா ஆச்சு?"

"மூச்சு விட்டுடறார். குழாய் கல்லீரலுக்குள்ள ரெண்டா பிரியுற இடம் தெளிவாத் தெரியணும். ஒரு கிளையாவது நோய் பரவாமத் தப்பிச்சிருந்தாத்தான் ஆபரேஷன். கலங்கின படத்தை வச்சுக்கிட்டு டாக்டர் எப்படிக் கத்தி வைப்பார்?"

"அந்த மைக்கை இப்படிக் கொடுங்க."

கொடுத்ததுதான் தாமதம்.

"ஏங்க! காது கேக்குதா இல்லையா? வீட்டுலதான் சொன்ன பேச்சு கேக்கறதில்லை, இங்கேயுமா? ம், இழுங்க! மூச்சு விட்டீங்க, அப்புறம் நடக்கறதே வேற!"

நோயாளியைப் போய் இப்படியா அதட்டுவது என்று டெக்னீஷியன் கோபமாகத் திரும்பினாள்.

குரல்தான் அதட்டியிருந்தது. மைக்கைப் பிடித்த கை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர்.

இருபது செகண்ட். கோடு அசையவே இல்லை.

படத்தை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் சர்ஜன் போன் செய்தார். "பளிச்சுன்னு இருக்கு. இடது கிளை தப்பிச்சிருக்கு. ஆபரேஷன் பண்ணிடலாம், அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க."

கேட்டதும் அந்த அம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு, இந்த முகத்தோடு அவர் முன்னால் நிற்கக் கூடாது என்று கழுவிக்கொள்ள ஓடினாள்.

டெக்னீஷியன் உள்ளே போய்ப் பெரியவரைக் கைத்தாங்கலாக எழுப்பி உட்கார வைத்தாள்.

"மூணு தடவை ஏன் ஐயா மூச்சு விட்டீங்க?"

"அழுதுட்டேம்மா. அழறவன் எப்படி மூச்சைப் பிடிக்கிறது?"

"கல்லுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

பெரியவர் சிரித்தார். "முப்பது வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவன்மா நான். கையெழுத்துக்கு நீங்க நீட்டின தாளைப் படிக்காமலா போடுவேன்? 'புற்றுநோய்'ல ஒரு 'ற்' விட்டுப் போயிருந்தது. அதையும் போட்டுத்தான் கொடுத்தேன்."

டெக்னீஷியன் அவர் பக்கம் குனிந்தாள். "ஒரு கிளை தப்பிச்சிருக்கு ஐயா. ஆபரேஷன் பண்ணலாமாம்."

பெரியவர் கண்ணை மூடித் திறந்தார்.

"அது சரி ஐயா, நாலாவது தடவை மட்டும் எப்படி முடிஞ்சுது?"

"அவ அதட்டினா பாருங்க, அந்தக் குரல்ல துளி நடுக்கம் இல்லை. அப்பாடா, இவ இன்னும் கல்லுன்னுதான் நம்பிட்டிருக்கான்னு மனசு லேசாச்சு." குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்கம்மா. தாங்க மாட்டா."

வாசலுக்கு வந்தவளை மனைவி ஓரமாக இழுத்தாள். "என்னம்மா கேட்டார்? ஏதாவது தெரிஞ்சிருக்குமோ?"

பொய் சொல்ல வராதவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"கல்லு எவ்வளவு பெரிசுன்னு கேட்டார்மா."