வெட்டாத பக்கங்கள்

புத்தக பைண்டரின் கட்டைவிரல் முப்பதாம் பக்கத்தில் நின்றுவிடுகிறது. ஏசுவின் வழி நடக்கச் சொல்லும் பழைய பக்தி நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அது. தொட்டதற்கே அட்டைத் தோல் செம்பொடியாக மேஜையில் உதிர்கிறது. மிச்சத் தாள்களெல்லாம் அச்சகத்தில் மடித்த மடிப்பிலேயே, ஓரம் வெட்டாமல் கிடக்கின்றன. கத்தியால் கீறாமல் யாரும் உள்ளே வாசித்திருக்கவே முடியாது. "எனக்கு பிரெஞ்சு தெரியாதுப்பா. தினமும் காலையில அவர்தான் வாசிச்சு அர்த்தம் சொல்வாரு," என்கிறார், புத்தகத்தைப் பைண்டு செய்யக் கொண்டுவந்த, போன மாதம் கணவரை அடக்கம் செய்த அம்மா. "போறதுக்கு முந்தின நாள் கடைசி அத்தியாயம் வாசிச்சாரு. அதை மட்டும் திறந்து காட்டு." பைண்டர் புத்தகத்தை அவர் கண்ணில் படாமல் தன் பக்கம் சாய்த்துக்கொள்கிறான். அவன் கை மேஜைக்கடியில் கத்தியைத் துழாவுகிறது. அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார்.