வண்டி கரண்ட்

“கரண்ட் போயிடுச்சு தம்பி. மெஷின் ஓடாதே! இன்னொரு நாள் வர்றீங்களா?” என்றார் தியோடர்.

தொம்மலூரில் அவர் வீட்டுச் சமையலறைக் கதவு தரையில் உரசுகிறதென்று கூப்பிட்டதால் வந்திருந்த கார்பெண்டர் டேரில் சிரித்தான்.

“பரவாயில்ல அங்கிள். வண்டியிலயே இன்வெர்ட்டர் வெச்சிருக்கேன்.”

வாசலில் நின்ற வேனின் இன்ஜினை ஓடவிட்டு, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, கதவைக் கழற்றி மெஷினால் அடிப்பக்கத்தை இழைத்தான். மாட்டியதும் தியோடர் குனிந்து பார்த்து, “இன்னும் கொஞ்சம் இழைக்கணும்” என்றார். மறுபடியும் மாட்டியதும் அதையே சொன்னார். மூன்று முறை கழற்றி மாட்டியும் டேரில் முகம் சுளிக்கவில்லை. தூளைக்கூட அவனே கூட்டி அள்ளினான்.

“பாவம், விடுங்களேன்” என்று மனைவி பெர்னதெத் காதைக் கடித்தாள். தியோடர் கண்டுகொள்ளவில்லை.

ஒயரைச் சுருட்டிக்கொண்டே டேரில் சொன்னான்: “அங்கிள், மெயின் ஸ்விட்சைப் போட்டுடுங்க. ஃப்ரிட்ஜ்ல பால் கெட்டுடப் போகுது.”

தியோடருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உனக்கு எப்படித் தெரியும்?”

“பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடுச்சே!”

“அப்பவே கேட்டிருக்கலாமே?”

“உங்க லவினாவைப் பொண்ணு கேட்டு, சர்ச் ஃபாதர்கிட்ட என் போட்டோவைக் குடுத்தனுப்பியிருக்கேன். நீங்க வெச்ச பரீட்சையில பாதியில எழுந்து போக முடியுமா அங்கிள்?”

தியோடர் வாய்விட்டுச் சிரித்தபடி, “யாராவது மெயினைப் போடுங்கப்பா!” என்று குரல் கொடுத்தார்.

சொல்லி முடிப்பதற்குள் ஹாலில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. பெர்னதெத் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

ஸ்விட்சைப் போட்டது லவினா.