பாலாற்று மணல்

உப்புநீர் மீன் தொட்டிக்குப் பவளமணல்தான் நல்லது என்று கடைக்காரர் சொல்லியும், நந்தகோபால் வீம்புக்குப் பாலாற்று மணலைப் பரப்பினான். விட்ட மீன்கள் மறுநாளே செத்து மிதந்தன.

“உன் கண்ணுதான்டி பட்டுச்சு” என்று மனைவி அம்சவேணிமேல் பாய்ந்தான்.

“மண்ணுதான் ஆவல. இப்பவே அள்ளிக் கொட்டிடறேன்” என்று அவள் ஆத்திரத்தோடு தொட்டிக்குள் கையை விட்டாள். இரண்டு விரற்கடை உயரமே இருந்த மணலுக்குள் கை முழங்கைவரை இறங்கியது.

“இன்னா நாடகம் ஆடுற?” என்று அவன் குனிந்து பார்த்தான். தொட்டிக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு மட்டும்தான் இருந்தது.

அம்சவேணி அசையாமல் நின்றாள். “யாரோ என் கண்ணாடி வளையல ஒண்ணொண்ணா கழட்றாங்க” என்றாள்.

கை வெளியே வந்தபோது வளையல் ஒன்றுகூட இல்லை; ஒரு கீறலும் இல்லை. நந்தகோபால் அந்த வெறுங்கையையே பார்த்தபடி தன் நெஞ்சைத் தடவிக்கொண்டான்.