பதினெட்டு மில்லிமீட்டர்

கண்டக்டர் அக்கா ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, பத்து என்றாள்.

பக்கத்திலிருந்த கணக்கு டீச்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். 

குழந்தைக்காக வைத்தியம் பார்க்கும் அந்த ஆஸ்பத்திரியில் மதிப்பெண் மில்லிமீட்டரில்தான். சினைப்பைக்குள் ஒரு முட்டைப்பையாவது பதினெட்டுக்கு வளர்ந்தால் பாஸ். கதவைத் திறந்து வருகிறவளிடம் யாரும் எப்படி இருக்கீங்க என்று கேட்பதில்லை. எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

முட்டைக்குப் பஞ்சமில்லை என்பதுதான் இதில் எரிச்சல். எண்ணிப் பார்த்தால் டீச்சருக்கு வலப்பக்கம் பதினாலு முட்டை, இடப்பக்கம் பதினாறு, எல்லாம் பொடிசு. வகுப்பு நிறையப் பிள்ளைகள். பரீட்சைக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை.

பிசிஓஎஸ் என்று சீட்டில் எழுதி, டாக்டர் படமும் வரைந்து காட்டியிருந்தார். மூளையிலிருந்து வரும் இரண்டு ஹார்மோன்களில் ஒன்று அதிகம், இன்னொன்று போதவில்லை. இன்சுலின் வேறு அளவுக்கு மீறிச் சுரந்து சினைப்பையைக் கிளப்பிவிட, அது ஆண்களுக்குரிய ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. முட்டைகள் பாதி வளர்ந்து அப்படியே நின்றுவிடுகின்றன.

டீச்சர் அந்தப் படத்தைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். புரிந்ததென்னவோ கண்டக்டர் அக்கா சொன்ன பிறகுதான்.

"மேல ரெண்டு டிரைவரு, டீச்சர். ஒருத்தன் ஹாரன்ல வெச்ச கையை எடுக்க மாட்டேங்கிறான், இன்னொருத்தன் ஆக்சிலேட்டர்ல காலையே வைக்க மாட்டேங்கிறான். வண்டி ரொம்பி வழியுது. எந்த ஸ்டாப்பிங்லயும் ஒருத்தரும் இறங்கல."

அன்று பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அதில் ஒருத்தி அழுதாள்; அதையும் சிரிப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

இருவருக்கும் முட்டை வளர்க்கும் மாத்திரைக்கு இதுதான் கடைசி மாதம். இந்த முறையும் வளராவிட்டால் வயிற்றுக்குள் கருவியை விட்டுச் சினைப்பையில் துளை போட வேண்டியிருக்கும். டீச்சருக்குக் கல்யாணமாகி நாலு வருடம். அக்காவுக்குப் பதினொன்று. அக்காவின் மாமியார் இப்போதெல்லாம் திட்டுவதைக்கூட விட்டுவிட்டாராம். திட்டின வரைக்கும் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது என்பாள் அக்கா.

அந்த அக்காவுக்குத்தான் இன்று பத்து.

டீச்சரை உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா அவளுடைய கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தான் இருப்பதாகவும் சேர்ந்தே கிளம்பலாம் என்றும் சொன்னாள்.

அறைக்குள் குளிர். வழக்கமாக டாக்டர் எட்டு, ஒன்பது, எட்டு என்று ஏலம் போகாத சரக்கைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போவார். இன்று பேச்சைக் காணோம். திரையில் ஒரு கருவட்டத்தின் இரண்டு ஓரங்களிலும் புள்ளி வைத்தார். அழித்துவிட்டு மறுபடி வைத்தார்.

பத்தொன்பது.

டீச்சர் எத்தனையோ பிள்ளைகளுக்கு நூற்றுக்கு நூறு போட்டிருக்கிறாள். ஒரு பத்தொன்பதைப் பார்த்து வாயடைத்துப் போனதில்லை. மல்லாந்து படுத்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குள் ஏதோ ஈரமாக இறங்கியது. அழுதுகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

முட்டை வெளியே வர ஓர் ஊசி போடவேண்டும், பெஞ்சில் உட்காருங்கள், சிஸ்டர் கூப்பிடுவார் என்றார் டாக்டர். இது முதல் படிதான், ரொம்ப ஆசைப்பட்டுவிடாதீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று செருப்பு மாட்டும் நேரத்துக்குள் மூன்று வாக்கியம் அமைத்தாள்.

கதவில் கை வைத்தபோதுதான் வெளியே யார் உட்கார்ந்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது.

முகத்தைத் துடைத்தாள். உதட்டோரத்தைக் கீழே இறக்கிப் பார்த்தாள். அது தானாக மேலே ஏறியது. விடைத்தாளை வாங்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்பும் பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாக யோசித்து, அதில் சுமாரான ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

எவ்வளவு என்றாள் அக்கா.

"பதினொண்ணுதாங்க்கா."

அதே பத்து என்றால் நம்பமாட்டாள் என்று ஒன்று கூட்டியிருந்தாள்.

அக்காவின் முகம் விழுந்தது. நிஜமாகவே விழுந்தது. டீச்சரின் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தபடி ஸ்கேன் மெஷினைத் திட்டினாள். மாத்திரை கண்டுபிடித்தவனைத் திட்டினாள். போகிற போக்கில் டீச்சரின் வீட்டுக்காரருக்கும் ஒன்று விழுந்தது. துளை போடுவதெல்லாம் டிக்கெட்டில் ஓட்டை போடுகிற மாதிரிதானாம். இரண்டு பேரும் ஒரே நாளில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டால் பேச்சுத்துணைக்கும் ஆச்சாம்.

இல்லாத தோல்விக்கு வந்த அந்த ஆறுதல், இருந்த எந்தத் தோல்விக்கும் வந்ததைவிட நன்றாயிருந்தது.  உண்மையைச் சொல்லிவிடலாம் என்று டீச்சர் இரண்டு முறை வாயைத் திறந்தாள். அக்கா இரண்டு முறையும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

சிஸ்டர் ஊசித் தட்டோடு வந்து நின்றாள். இங்கே வேண்டாம் என்று டீச்சர் கண்ணாலேயே கெஞ்சினாள். கண்ணையெல்லாம் படித்துக்கொண்டிருக்க சிஸ்டருக்கு நேரமில்லை.

"டீச்சரம்மா, கண்டக்டரம்மா, ரெண்டு பேரும் வந்து ஊசி போட்டுக்கங்க."

பதினெட்டைத் தொடாதவளுக்கு அந்த ஊசி கிடையாது. பெஞ்சில் எல்லாருக்கும் அது தெரியும்.

டீச்சர் தரையைப் பார்த்தாள். அவள் கையைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. ஆனால் விடவில்லை.

யார் முதலில் என்று கேட்டாள் சிஸ்டர்.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.