பத்துல புருசன், இருவதுல மவ

“ஏலே சிலுவை, இன்னிமே குடிச்சிட்டு வீட்டுக்கு வந்தியன்னா சோத்துல சாணியைக் கரைச்சு வச்சிருவேன்!”

மைக்கில் இப்படித்தான் தொடங்கினாள் பிலோமினா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெய்சன் முகம் சுளித்தான். பாளையங்கோட்டையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்து பாட்டு, பிரசங்கம், தேர்தல் விளம்பரம் என்று எல்லாம் பதிந்திருக்கிறான். காசு கொடுத்து ஏச்சைப் பதிய வந்தவள் இவள்தான் முதல்.

அதுவும் எப்படி வந்தாள்! புன்னக்காயலிலிருந்து கொண்டுவந்த மீனைச் சந்தையில் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு மாடி ஏறிவிட்டாள். ஏசி அறை முழுக்கச் சாளை மீன் வாடை. ஜெய்சன் மல்லிகை ஸ்பிரேயை எடுத்து அடித்துப் பார்த்தான். இரண்டும் சேர்ந்து நாறியதுதான் மிச்சம். சாயங்காலம் கீர்த்தனை பாட ஆட்கள் வருகிறார்கள்.

“இதுல கோவம் பத்தல தம்பி. இன்னொரு மட்டம் எடு,” என்றாள் பிலோமினா. தொண்டையைக் காறி ஒரு துணியில் துப்பி, அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜெய்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மனுஷி என்றால் ஒரு கூச்சநாச்சம் வேண்டாமா?

புருஷனை இன்னும் உரக்க ஒரு தடவை ஏசிவிட்டு, மகளுக்கு வந்தாள். குரல் சிரட்டையைத் தரையில் தேய்த்த மாதிரி இருந்தது. “ஏட்டி ரெனிஷா, அந்தப் போனைத் தூரப் போட்டுட்டு வந்து தின்னுட்டி! ஆக்கி வச்சதை நாயிக்கா போட?”

அடுத்தது சந்தைக்கு வருகிறவர்கள். “செவுளைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கியே, மீனு என்ன ஒம் மவளுக்குப் பாக்குத மாப்பிள்ளையா? வாங்கினா வாங்கு, இல்லன்னா நடையைக் கட்டு!”

ஜெய்சன் பதிவை நிறுத்தினான். “எக்கா, இதை வச்சு என்ன செய்யப் போறிய?”

“வீட்டுல, சந்தையில, எங்கன வேணுமோ அங்கன போட்டுக்கிடுவேன். மவகிட்ட லேப்டாப்பு இருக்கு. சத்தமாப் பேசுத ஸ்பீக்கர் ஒண்ணும் வாங்கியாச்சு. ஆனா இன்னைக்கே குடுத்துரு தம்பி, நாளைக்குன்னா ஏலாது.”

ஜெய்சனுக்கு விளங்கிவிட்டது. சண்டை போடவும் ஒரு மெஷின் வந்தாச்சு! வாய் வலிக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரை நாறடிக்கலாம். முகம் தெரியாத அந்தச் சிலுவையை நினைத்துப் பரிதாபப்பட்டான்.

இருந்தாலும் காசு வாங்கியாகிவிட்டது. “ஒவ்வொண்ணையும் தனித்தனியா வெட்டிப் பேரு எழுதித் தாரேன். படிச்சுப் பாத்துப் போட்டுக்கிடுங்க.”

“எனக்கு எழுத்து வராது தம்பி. நம்பருதான் தெரியும்.”

ஜெய்சன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏச்சுகளை நகர்த்தி, பத்து, இருபது, முப்பதாவது நொடிகளில் நிறுத்தினான். அவளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரவழைத்துத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தான். திரையில் ஒலி அலைகளுக்கு மேலே நொடிகள் குறித்த டைம்லைன் ஸ்கேல் நீளமாகக் கிடந்தது.

“இந்த ஸ்கேல்ல பத்துங்கிற எடத்துல அமுக்குனா அங்க இருந்து பேசும். அமுக்கிப் பிடிச்சு இப்படி இழுத்து விட்டா, இழுத்த தூரம் மட்டும் பேசிட்டு நின்னுரும்.”

அவள் மவுஸைப் பிடித்தாள். அதில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டது. பத்தில் அமுக்கினாள், ஸ்பீக்கர் சிலுவையை ஏசியது. அடுத்து கை தவறி இருபதைத் தாண்டி அமுக்க, ‘நாயிக்கா போட’ என்று பாதியிலிருந்து கத்தியது. பிலோமினா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“பத்துல புருசன், இருவதுல மவ, முப்பதுல சந்தை,” என்று வாய்ப்பாடு போலச் சொல்லிப் பார்த்தாள். மறுபடி மறுபடி அமுக்கிக் கேட்டாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவளுக்குத் தன் வாயும் தெரியவில்லை என்று ஜெய்சன் நினைத்தான்.

“அந்தால நாப்பது, அம்பதெல்லாம் சும்மா கெடக்கே. பக்கத்து வீட்டுக்காரிக்கு ரெண்டு, கூடையை ஏத்த மாட்டேங்கானே அந்தக் கண்டக்டருக்கு ஒண்ணு…”

“போதும்க்கா!” ஜெய்சன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “கீர்த்தனை பதியுத மைக்கு இது. இந்தச் சாக்கடைக்கு நான் உடந்தையா இருக்க மாட்டேன். காசைத் திருப்பித் தாரேன், எந்திரிங்க.”

பதிவைச் சேமிக்காமலே மூடப் போனான். சேமிக்கவா, வேண்டாமா என்று திரை கேட்டது. அவன் ‘வேண்டாம்’ பக்கம் போவதற்குள் பிலோமினா பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் ஈரம் பிசுபிசுத்தது. அருவருத்து உதறினான்.

“அழிச்சிராத தம்பி! ஒன் கால்ல வேணும்னாலும் விழுதேன்.”

“ச்சீ! இந்தக் கேடுகெட்ட பேச்சுக்குக் கால்ல வேற விழணுமா? வீட்டுக்குப் போயி நேர்ல நின்னு ஏசுங்க. ஒங்களுக்கென்ன வாயா இல்ல?”

பிலோமினா அவன் கையை விட்டாள். திரையில் கேள்வி அப்படியே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில என் குரல்வளையை எடுத்துருவாவ, தம்பி.”